சகாயம்மாள் வீட்டு அதுங்க

மரியநல்லூர் மேலத்தெருவில் சகாயம்மாளின் வீடு 1998ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் காலையிலிருந்து தரைக்கு மேல் நாலு விரற்கடை உயரத்தில் நிற்கிறது. ஓட்டு வீடு. ஒரு கூடம், இரண்டு அறை, பின்கட்டில் சமையல். சுவரில் விரிசல் கிடையாது, அடியில் கல்லோ கட்டையோ கிடையாது. ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. பருந்தைக் கண்டால் கோழிக்குஞ்சுகள் அதற்கடியில் ஓடி ஒளிகின்றன. நம்பாதவர்கள் வந்து கையை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம், தேள் கொட்டினால் ஊர் பொறுப்பேற்காது. வேளாங்கண்ணி மாதா தூக்கினாள் என்று சிலர் சொல்வார்கள், பூமிக்கடியில் எண்ணெய்க்குத் துளை போட்டதில் காற்று கிளம்பிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அதெல்லாம் வெறும் பேச்சு. வீட்டைத் தூக்கியது அதுங்க.

அதுங்க என்று முதலில் சொன்னவள் சகாயம்மாள்தான். வாழ்க்கைப்பட்டு வந்த மறு வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவில் ரோஜாப் பதியன் என்று ஒரு குச்சியை வாங்கி வந்து கொல்லையில் நட்டாள். விற்றவன் பொய் சொல்லியிருந்தான். குச்சி கொடியாகி, கொடிக்குப் பந்தல் போட்டு, பந்தல் நிறையப் பச்சைத் திராட்சை காய்த்தது. நெல்லைத் தவிர எதையும் மதிக்காத எங்கள் களிமண்ணில் திராட்சையா என்று பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்றை வாயில் போட்டு, புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வீடு திரும்பினார்கள். தின்ன லாயக்கில்லாத பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சகாயம்மாள் பிறந்தது தரங்கம்பாடிப் பக்கம். அங்கே கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே ஒயின் போடுவார்கள். இவளும் போட்டாள். பழத்தை நசுக்கிப் பிழிந்து, தோலை எறிந்துவிட்டு, வெளிறிய சாற்றைச் சீதனமாக வந்த பீங்கான் ஜாடியில் ஊற்றிச் சர்க்கரை போட்டு, வாயில் வெள்ளைத் துணியைத் தளர்வாகக் கட்டிச் சமையற்கட்டு மூலையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். புளிக்க வைக்கக் கடையிலிருந்து ஒன்றும் வாங்க மாட்டாள். பழத்தைக் கழுவவும் கூடாது. பழத்தின் மேல் மாவு தூவியதுபோல ஒரு வெண்மை படிந்திருக்கும். அதில்தான் அதுங்க இருக்குதுங்க, மிச்சம் பேர் சுவரிலும் ஓட்டிலும் குடியிருக்காங்க, வேலை வந்தால் அதுங்களா இறங்கி வரும் என்பாள்.

அக்கிரகாரத்துக் கடைசி வீட்டுக் கல்யாணராமன் தஞ்சாவூர்க் கல்லூரியில் விஞ்ஞானம் நடத்தியவர். ஒரு தரம் ஜாடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப்போய் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் பரவசத்தோடு ஓடி வந்தார். “வெள்ளையாத் தெரியறது மெழுகும்மா. அது மேல காட்டு ஈஸ்ட் ஒக்காந்துண்டிருக்கு. ஒரு ஜாதியில்லை, ஏழெட்டு ஜாதி! சோனியா இருக்கறதெல்லாம் மொதல்ல ஆரம்பிக்கும், சாராயம் ஏற ஏறச் செத்துப்போயிடும். அப்பறம் முரடா இருக்கறது வந்து முடிச்சுக் கொடுக்கும்” என்றார். எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. நாற்றுப் பறிக்க ஒரு கூட்டம், நட ஒரு கூட்டம், அறுக்க ஒரு கூட்டம் என்று ஊரே அப்படித்தானே நடந்தது. சகாயம்மாள் அவருக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே குடித்தார்.

கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் தெருவுக்கே ஆளுக்கு அரை டம்ளர் உண்டு. ஒரு வருஷம் போல ஒரு வருஷம் இருக்காது. ஒரு வருஷம் கொய்யா வாசனை வரும், ஒரு வருஷம் நனைந்த வைக்கோல். ஒரு வருஷம் மண்ணெண்ணெய் வாசனையே வந்தது, அதையும் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

வெண்ணாற்றில் தண்ணீர் வராமல் குறுவை காய்ந்த வருஷம், மேலத்தெரு ஆண்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட் எடுத்தார்கள். சகாயம்மாளின் புருஷன் குழந்தைராஜ் சவூதியில் தம்மாமுக்குப் போனார். நாலாயிரம் தொழிலாளிகள் தங்கும் கேம்பில் கிளீனிங் சூப்பர்வைசர். நல்ல மனுஷர், அதையும் சொல்லிவிட வேண்டும். மாசம் தவறாமல் பணம் வந்தது, ஞாயிறு தவறாமல் போன் வந்தது. ஆனால் பினாயிலும் பிளீச்சிங் பவுடருமாக ஐந்து வருஷம் வாழ்ந்தவர் கண்ணுக்கு உலகமே அழுக்காகிவிட்டது. லீவில் வந்து இறங்கியவர் சமையற்கட்டுச் சுவரைப் பார்த்தார். ஓட்டுக்கடியில் வெண்ணிறமாகப் படிந்திருந்ததைப் பார்த்தார். கழுவாத திராட்சையைப் பார்த்தார்.

“இதையா இத்தனை வருஷம் குடிச்சோம்? சீ! அங்க இப்படி ஒரு சுவரு இருந்தா என் வேலை போயிருக்கும்” என்றார்.

“இது கேம்பு இல்லங்க, வீடு” என்றாள் சகாயம்மாள்.

அவர் மனசில் வேறு கணக்கும் இருந்தது. ஊரில் வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் மாடி எழுப்பிவிட்டார்கள். இவருக்கும் எழுப்ப வேண்டும். பந்தல் இருந்த இடத்தில் டைல்ஸ் போட்ட பாத்ரூம், அதன் மேல் மாடிப்படி. கொடியை வெட்டாமல் நடக்காது. வெட்டினால் என்ன, ஒயின்தானே வேண்டும் என்று பெட்டியைத் திறந்து, பம்பாய்ச் சிநேகிதன் கொடுத்த ஈஸ்ட் பாக்கெட்டுகளை எடுத்து வைத்தார். கடையில் திராட்சை வாங்கிக்கொள்ளலாம், பாக்கெட்டைக் கொட்டினால் சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுக்கும், எந்த ஊரில் போட்டாலும் ஒரே ருசி. அறுவடை மிஷின் மாதிரி. சகாயம்மாள் மாட்டேன் என்றாள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதில் இரண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை. கடைசியில் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஜாடி. அவருடையதில் பாக்கெட், அவளுடையதில் ஒன்றுமில்லை. கிறிஸ்துமஸுக்குள் அவள் ஜாடி பொங்கினால் பந்தல் இருக்கும், பொங்காவிட்டால் அவளே அரிவாள் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பந்தயம் கட்டியவர் சும்மா இருந்திருக்கலாம். அவள் ஒரு கல்யாணத்துக்காக அதிராம்பட்டினம் போயிருந்த அன்றைக்கு வீடு முழுக்க பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிச் சுவரைத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பூச்சிமருந்து அடிக்கிற ஸ்ப்ரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே பிளீச்சிங் தண்ணீரால் பழம் பழமாக நனைத்துவிட்டார். ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை, சுத்தம் செய்தேன் என்றுதான் அவரே நம்பினார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை. உச்சி வெயிலில் அதுங்க கிளம்பிப் போனதைத் தெருவே பார்த்தது. கொல்லைப் பக்கமாக முழங்கால் உயரத்துக்கு ஒரு வெண்மேகம் வெளியே வந்து, வரப்பு வழியாக நடந்து பஸ் ஸ்டாப்பில் நின்றது. பஸ் வந்ததும் ஏறிக்கொண்டது. தஞ்சாவூர் வரைக்கும் பஸ்ஸில் புளித்த மாவு வாசனை அடித்ததாகக் கண்டக்டர் சொன்னார். அங்கிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு எப்படிப் போவது என்று அதுங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை பேரை வழியனுப்பிய தெரு அது.

மறுநாளிலிருந்து மரியநல்லூரில் எதுவும் புளிக்கவில்லை. இட்லி மாவு ஆட்டி வைத்த இடத்திலேயே கிடந்தது, வேக வைத்தால் கூழாங்கல். பழைய சோறு நேற்றுச் சோறாகவே இருந்தது. பாளையில் வடிந்த சாறு கள்ளாகவில்லை, அதைப் பற்றி வெளியே புகார் சொல்லவும் வழியில்லை. வரப்புத் தகராறில் கை ஓங்கிக்கொண்டு வந்த தங்கையனும் இராஜாங்கமும் சண்டை முற்றாமல் பாதியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் வெற்றிலை மாற்றிக்கொண்டு போனார்கள். பெண்கள் மாவுக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு குழந்தைராஜ் வாசலில் வந்து நின்றார்கள். “உங்களுக்குச் சுத்தம் வேணும்னா உங்க வயித்தைக் கழுவிக்கங்கண்ணே. எங்க மாவை எதுக்குக் கெடுத்தீங்க?” என்று பக்கத்து வீட்டு ஷீபா கேட்டாள். அவர் ஆளுக்குக் கொஞ்சம் பாக்கெட் ஈஸ்ட் பிரித்துக் கொடுத்தார். அன்றைய இட்லி தலையணை போல எழும்பியது. எல்லாம் ஒரே அளவு, எல்லாம் பேக்கரி வாசனை. பிள்ளைகள் தின்றார்கள். பெரியவர்கள் மென்றுகொண்டே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சகாயம்மாள் திரும்பி வந்து, வெள்ளை வெளேரென்று இருந்த வீட்டைப் பார்த்தாள். அழவில்லை. கொல்லைக்குப் போய்ப் பழத்தை விரலால் தடவினாள், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அப்போதுதான் அழுதாள், அதுவும் கோபத்தில். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தனை பழத்தையும் பறித்துப் பிழிந்து ஜாடியில் ஊற்றி, சமையற்கட்டில் வைக்காமல் எல்லோரும் பார்க்க நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் குழந்தைராஜ் தன் ஜாடியை வைத்தார். அவருடையது மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டது. ஷிப்டுக்கு வந்த ஆள் மாதிரி சத்தம் சீராக வந்தது. அவளுடையது கிணற்றுத் தண்ணீர் போல அசையாமல் கிடந்தது.

பங்குச் சாமியார் சமாதானம் பேச வந்தார். குடும்பம் முக்கியமா கொடி முக்கியமா, கொஞ்சம் விட்டுக்கொடும்மா என்றார். “பூசைக்கு வைக்கிற திராட்சை ரசத்துல வேற எதுவும் கலக்கக் கூடாதுன்னு பிரசங்கத்துல சொன்னது நீங்கதான சாமி? ஆண்டவருக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?” என்று கேட்டாள். சாமியாருக்குக் காப்பி மட்டும்தான் கிடைத்தது. ஷீபா வந்து காதோடு சொன்னாள்: “அண்ணன் ஜாடியிலேருந்து ஒரு கரண்டி எடுத்து ஊத்திரு அக்கா. யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்ல. இரவல் உசிரு எனக்கு வேணாம்டி. வந்தா எங்க அதுங்க வரட்டும். இல்லன்னா அப்படியே கெடந்து காயட்டும்.”

மார்கழி பிறந்துவிட்டது. குழந்தைராஜ் கொத்தனாரை வரச்சொல்லிக் கொல்லையில் கயிறு பிடித்து அளந்தார். சகாயம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கொடி ஒன்றுதான் இந்த வீட்டில் அவள் வைத்து அவள் வளர்த்தது. மற்றதெல்லாம் மாமனார் கட்டியது, புருஷன் வாங்கியது. கொடி போனால் அந்த வீட்டில் அவளுக்கு இருப்பது சமையல் வேலை மட்டும்தான் என்று நினைத்தாள், நினைத்ததை வாய்விட்டும் சொன்னாள்.

அந்த வாரம்தான் தம்மாமிலிருந்து சேதி வந்தது. ஷீபாவின் தம்பி ரெஜின் அதே கேம்பில் சமையற்காரன். அவன் போனில் சொன்னபடி, கேம்பில் சோறு வடித்துத் திரும்புவதற்குள் புளிக்கிறது. பழச்சாறு டப்பாக்கள் அலமாரியில் ஊதி வெடிக்கின்றன. அந்த ஊர்ச் சட்டத்துக்கு இது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று சூப்பர்வைசர்கள் நடுங்குகிறார்கள். நம்ம ஊர் ஆட்கள் மட்டும் புளித்த சோற்றைத் தட்டில் போட்டு வாசனை பிடித்துக்கொண்டு, வேலைக்குப் போகாமல் வரிசையாக உட்கார்ந்து அழுகிறார்கள். ஷீபா சொல்லி முடிக்கும் முன்னே சகாயம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே குஞ்சிதபாதத்தின் எஸ்டிடி பூத். தம்மாம் லைன் கிடைத்ததும் சகாயம்மாள் ரெஜினிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. “போனைக் கொண்டுபோய்ச் சோத்துப் பானைகிட்டப் புடி” என்றாள். அவனும் பிடித்தான். பிறகு அவள் பேசியதைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கெஞ்சினாள் என்று பின்னால் யாரோ கிளப்பிவிட்டார்கள். கெஞ்சவே இல்லை. “ஏன், ஒருத்தரு பிளீச்சிங் பவுடர் போட்டா ஓடிப்போயிருவீங்களா? வெக்கமா இல்ல? தண்ணி வரலைன்னு ஊரே ஓடுச்சு. நான் ஓடுனனா? இங்கதான கெடந்தேன்! கொடி யாரு வச்சது? பந்தல் யாரு போட்டது? அது அந்தாளு ஊடு மட்டுமா, எனக்கும் உங்களுக்கும் ஒண்ணுமில்லையா? அங்க அந்நியன் சோத்தைப் புளிக்க வச்சுக்கிட்டு ஒளிஞ்சு கெடக்கீங்க, இங்க உங்க ஜாடி உங்களுக்காகத் தொறந்து கெடக்கு. வர்றதுன்னா இப்பவே வாங்க. வரலைன்னா போங்க, இனிமே நான் கூப்பிட மாட்டேன்.”

பிறகு ரிசீவரின் துளைகள் வழியாக அதுங்க வர ஆரம்பித்தன. முதலில் காதோரம் மாவு ஒட்டியதுபோல ஒரு கோடு. பிறகு சாரல் போல. பூத்தின் கண்ணாடி உள்பக்கமாக வெளுத்து ஆள் தெரியாமல் போயிற்று. லைன் கட்டாகிவிடக் கூடாதே என்று குஞ்சிதபாதம் ஒயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கதவைத் திறந்துகொண்டு சகாயம்மாள் வெளியே வந்தபோது தலை முதல் கால்வரை ரைஸ்மில்லிலிருந்து வருகிறவள் போல இருந்தாள். மேலே படிந்ததை உதறவில்லை. தெரு நடுவில் மெல்ல நடந்து வீட்டுக்குள் போய், ஜாடிக்கு மேலே குனிந்து கூந்தலை அவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். எல்லாம் வந்துவிடவில்லை என்று ரெஜின் பின்னால் எழுதினான். விசா முடியாத சிலது அங்கேயே தங்கிவிட்டதாம். அந்த பூத்தில் அதற்கப்புறம் போன் பேசியவர்கள் சொல்ல வந்ததைவிடக் கொஞ்சம் பொங்கித்தான் பேசினார்கள். குஞ்சிதபாதம் அதற்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை.

விடிந்ததும் அவள் ஜாடியில் ஒரு குமிழி. மத்தியானம் ஊசி மழை விழுகிற குளம் போல ஆயிற்று. சோனிகள் வந்து ஆரம்பித்து, தங்கள் பங்கை முடித்துச் செத்தன. முரடுகள் வந்து பிடித்துக்கொண்டன. தெருவில் மாவு பொங்கியது, பழைய சோறு புளித்தது, தங்கையனும் இராஜாங்கமும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். குழந்தைராஜின் ஜாடி சொன்ன தேதிக்கு வேலையை முடித்துக்கொண்டு அடங்கியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் முழுக்க அவர் அவள் ஜாடியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தோற்றுப்போனது அவருக்குத் தெரிந்துவிட்டது. மாடிக்காகச் சகித்த ஐந்து வருஷ வெயில் அவர் கண்ணுக்கு முன்னால் நின்றது, அந்த மனுஷரின் கஷ்டமும் பொய்யில்லை. எழுந்துபோய்ப் பெட்டி கட்டுகிற பழுப்பு டேப்பை எடுத்து வந்தார். வெளிநாட்டுப் பெட்டியைத்தான் எங்கள் ஆட்கள் கட்டுவார்களே, குறுக்கும் நெடுக்குமாக டேப் சுற்றி, அதன் மேல் கயிறு போட்டு, கயிற்றின் மேல் மறுபடி டேப் சுற்றி. அந்த மாதிரி ஜாடியின் வாயை மூடிக் கட்டினார். சத்தம் நின்றது. பொங்காத ஜாடி என்று காலையில் காட்டிவிடலாம் என்று நினைத்தார்போல.

பொங்குகிற ஜாடியை இறுக்கி மூடினால் வெடிக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அது சகாயம்மாளின் சீதன ஜாடி, வெடிக்காது. டேப்பும் பல விமான நிலையங்களைப் பார்த்த டேப், பிரியாது. உள்ளே இருந்த காற்றுக்குப் போக வேறு வழி இல்லை. கிறிஸ்துமஸ் காலை, பூசைக்கு முதல் மணி அடித்தபோது, வீடு எழும்பியது. மாவு எழும்புகிற வேகத்தில்தான், அவசரம் இல்லாமல். மாடத்து மெழுகுவர்த்தி அணையவில்லை, உறியில் தொங்கிய தயிர் தளும்பவில்லை. கூடத்துக் கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்த குழந்தைராஜ் மட்டும் ஐயோ என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினார். படி இருந்த இடத்தில் படி இல்லை. குப்புற விழுந்தார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். அவர் அப்போது பாதி மீசைதான் எடுத்திருந்தார், மீதியில் மண் ஒட்டியிருந்தது, நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சகாயம்மாள் பட்டுப்புடவையோடு வாசலில் வந்து, நாலு விரற்கடை உயரத்திலிருந்து புருஷனைப் பார்த்தாள்.

“அடி பட்டுருச்சா?”

“இல்ல.”

“அப்ப எழுந்து மூஞ்சியைக் கழுவிக்கிட்டு பூசைக்கு வாங்க. பந்தல் இருக்கும்.”

பூசை முடிந்து வந்து அவளே டேப்பை அறுத்தாள். காற்றுப் போனால் வீடு இறங்கிவிடும் என்று தெருவே கூடி நின்றது. இறங்கவில்லை. இரண்டு ஜாடியிலிருந்தும் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள், தன்னுடையதை மட்டும் கொடுத்துப் பேர் வாங்கிக்கொள்ளவில்லை. குழந்தைராஜினுடையது சுத்தமாக, தெளிவாக இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. பம்பாயிலும் இப்படித்தான் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். சகாயம்மாளுடையது அந்த வருஷம், காய்ந்து கிடந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் இறங்கும்போது மண்ணிலிருந்து கிளம்பும் அந்த வாசனையோடு இருந்தது. கல்யாணராமன் வேண்டாம் என்று சொல்ல மறந்து டம்ளரை நீட்டினார். குழந்தைராஜும் வாங்கிக் குடித்தார். காலி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் பந்தலுக்கடியில் நின்றார். வர வேண்டாம் என்று கொத்தனாருக்கு அவரே சொல்லியனுப்பினார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சாதாரணம். சர்வே ஆட்கள் வந்து, நிலத்தைத் தொடாத வீட்டுக்கு எந்தப் பட்டா எண் என்று தாசில்தாரைக் கேட்டார்கள், அவர் பழைய எண்ணே இருக்கட்டும் என்றார். கரண்டு ஒயரைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டினார்கள். எஸ்டிடி பூத் போய் செல்போன் வந்தது. மாடி வீடுகள் இன்னும் பல எழும்பின, அவற்றுள் பல பூட்டிக் கிடக்கின்றன. கொடி இப்போது ஓட்டின் மேலும் படர்ந்துவிட்டது, சுவரில் வெண்மை மறுபடி படிந்துவிட்டது. குழந்தைராஜ் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வரும்போதெல்லாம் வாசலில் கால் இடறும். ஒரு படிக்கல் போட்டால் என்ன என்று ஊரில் எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். போட மாட்டேன் என்றுவிட்டாள்.

போன வருஷம் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். தலை நரைத்துவிட்டது. ஆட்டோவிலிருந்து டேப் சுற்றிய பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்றார். உள்ளே சகாயம்மாள் பழம் பிழிந்துகொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

“காலை நல்லாத் தூக்கி வச்சு வாங்க” என்றாள்.

அவர் தூக்கி வைத்தார்.